பூனைக்குட்டியின் கண்ணும் நாம் பட்ட கடனும்

நமது பங்கின் அன்பியக் கூட்டமொன்றில் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தம் கசிந்து பார்வை மங்கியிருந்தவர், கண்ணில் ஊசி மருந்து செலுத்திக்கொண்டதால் மீண்டும் திருவிவிலியம் வாசிக்க முடிகிறதென்று நன்றி மன்றாட்டு ஒன்று சொன்னார். மன்றாட்டு முடிந்ததும், கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "தாத்தா, உங்க ஊசி மருந்துக்காக எத்தனை குரங்கோட கண்ணை லேசரால சுட்டாங்க தெரியுமா? அதுங்களுக்கும் சேர்த்து மன்றாடுங்க" என்றாள். பெரியவர் சினந்தார். "மிருகத்துக்கு ஏதம்மா ஆத்துமா? நமக்காகத்தானே ஆண்டவர் அதுகளைப் படைச்சார்?" என்றவர், நம் பக்கம் திரும்பி, "சாமி, நீங்களே சொல்லுங்க" என்றார்.

இருவரையும் அமைதிப்படுத்தும் சொற்கள் சிலவற்றைக் கூறி நாம் கூட்டத்தை முடித்துவிட்டோம். அறைக்குத் திரும்பிய பின் அது நம் மனச்சான்றை உறுத்தியது. கூட்டத்தை அமைதியாக முடிப்பது எளிது. உண்மையை எடுத்துரைப்பதன்றோ மேய்ப்பனின் கடமை? ஆகவே அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம். அந்த மாணவியின் கூற்றில் பாதி உண்மை உண்டு. பெரியவரின் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அவ்விருவரையும்விடப் பெரிதும் தவறியவர் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். விலங்கின் துன்பத்தால் கிடைத்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டே, அதைக் கண்ணிழக்கும் ஏழைக் குழந்தையிடம் கொண்டுசேர்க்காதவரே அவர். இக்கட்டுரை எய்ய விரும்பும் அம்பு அவரை நோக்கியதே.

கண்ணுக்குள் நடப்பது

முதலில் செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்வோம். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புத் திரை. அதற்கு ஓயாது பிராணவாயு வேண்டும். அதைச் சுமந்துவரும் இரத்தக் குழாய்கள், தாயின் கருவறையில் ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் பார்வை நரம்பின் முனையிலிருந்து முளைத்து, பந்தலில் கொடி படர்வதுபோல் மெல்ல மெல்லத் திரையின் ஓரத்தை நோக்கிப் படர்கின்றன. பேறுகாலம் நெருங்கும்போதுதான் அவை ஓரத்தை எட்டுகின்றன. பிராணவாயு போதாத இடத்திலுள்ள திசு, பசித்த பிள்ளை அழுவதுபோல், ஒரு வேதிப்பொருளைச் சுரந்து குழாய்களைத் தன்பால் அழைக்கிறது. இது படைப்பின் ஒழுங்கு.

இந்த ஒழுங்கு குலையும்போது குழாய்கள் முறைகெட்டு முளைக்கின்றன. அவை வலுவற்றவை, கசிவன, எளிதில் உடைவன. நாளடைவில் தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடுவன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடத்தும், நெடுநாள் சர்க்கரை நோயாளரிடத்தும் இதுவே நேர்கிறது. முதியோர் சிலரிடத்தில், விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்திலிருந்து இத்தகைய குழாய்கள் மேலெழுந்து, எழுத்தையும் முகத்தையும் நமக்குக் காட்டும் நடுப்பகுதியாகிய மாக்குலாவை அழிக்கின்றன. நோய்கள் வெவ்வேறு, வளரக்கூடாத குழாய் வளர்வதே அவை மூன்றுக்கும் பொதுவான கேடு.

அன்பே குருடாக்கிய கதை

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்னும் கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகள் சிலரின் கண்வில்லைக்குப் பின்னே வெண்ணிறத் தழும்புத் திரை படர்ந்து அவர்கள் பார்வையிழந்திருப்பதைக் கண்டு எழுதினார். அதன்பின் பத்தாண்டுக் காலம் அந்நோய் கொள்ளைநோய்போல் பரவியது. உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர் எனக் கணக்கிடப்படுகிறது. வசதி குறைந்த மருத்துவமனைகளைக் காட்டிலும், வசதி மிகுந்த சிறந்த மருத்துவமனைகளிலேயே அது மிகுந்து காணப்பட்டதுதான் விந்தை. எங்கே குழந்தையை மிகக் கருத்தாய்ப் பேணினார்களோ, அங்கேயே குழந்தை குருடாயிற்று.

காரணம் பிராணவாயு. மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைக்கு நல்லதென்று நம்பி, இன்குபேட்டர் பெட்டிக்குள் அதை அளவின்றிச் செலுத்தினர். 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேட் கேம்பெல் என்னும் பெண் மருத்துவர், பிராணவாயு தாராளமாய் வழங்கப்பட்ட இடங்களில் நோய் மிகுந்தும், குறைவாய் வழங்கப்பட்ட இடங்களில் குறைந்தும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில் வாஷிங்டன் நகரில் ஆர்னல் பாட்ஸ் என்னும் இளம் மருத்துவர், ஒரு சாரார்க்கு மிகுதியாகவும் மறு சாரார்க்குத் தேவையான அளவு மட்டுமே பிராணவாயு கொடுத்து ஒப்பிட முனைந்தார். இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிலர், குறைவாய்ப் பெறும் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாது, மருத்துவர் சென்றபின் பிராணவாயுவைத் திறந்துவிட்டனராம். அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் செய்தது அன்பு. ஆனால் அறிவில்லாத அன்பு, கண்ணைப் பறிக்கும் அன்பாயிற்று.

இந்நிலையில்தான் பூனைக்குட்டிகள் இக்கதைக்குள் வருகின்றன. இலண்டனில் நார்மன் ஆஷ்டன் என்னும் நோய்க்கூற்று அறிஞர் ஒரு செய்தியைப் பயன்கொண்டார். உரிய காலத்தில் பிறந்த பூனைக்குட்டியின் விழித்திரைக் குழாய்களும், குறைமாத மனிதக் குழந்தையின் குழாய்களைப் போலவே வளர்ச்சி முற்றாமல் இருக்கின்றன. அவரும் அவர்தம் துணைவரும் பூனைக்குட்டிகளைச் செறிந்த பிராணவாயுவில் வைத்துப் பார்த்தனர். இளங்குழாய்கள் சுருங்கி அடைபட்டு அழிந்தன. பின் குட்டிகளைச் சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்தபோது, பட்டினி கிடந்த விழித்திரையில் குழாய்கள் வெறிகொண்டு முறைகேடாய் முளைத்தன. குட்டிகளைக் கொன்று, அவற்றின் குழாய்களில் கருமை செலுத்தி, நுண்ணோக்கியில் கண்டதை 1953, 1954ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வு, பிராணவாயுவே காரணம் என்பதை 1954இல் குழந்தைகளிடத்தும் உறுதிசெய்தது. வழக்கம் மாறியது. பார்வையிழக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சரிந்தது.

மாணவிக்கு ஒரு சொல்

இப்போது அந்த மாணவியிடம் ஒன்று கேட்போம். விலங்கின்மேல் எந்த ஆய்வும் கூடாதென்கிறாய், மகளே. உன் இரக்கத்தை நாம் எள்ளவில்லை. இரக்கமில்லா இளமையைவிட இரக்கம் மிகுந்த இளமை மேலானது. ஆனால் பூனைக்குட்டியைப் பெட்டிக்குள் வைக்கும் முன்னர், 1940களில் அந்தப் பெட்டிக்குள் யார் இருந்தார்? மனிதக் குழந்தை இருந்தது. அளவறியாத பிராணவாயுவை ஆயிரக்கணக்கான பச்சிளங்குழந்தைகள்மேல் செலுத்திப் பார்த்தது ஆய்வன்றி வேறென்ன? ஆய்வு என்ற பெயர் அதற்கில்லை, கணக்கெடுப்போர் இல்லை, தாயிடம் இசைவு கேட்டாரில்லை. நாம் ஆய்வுக்கூடத்தின் கதவை அடைத்துவிட்டால் ஆய்வு நின்றுவிடாது; அது மருத்துவமனைக் கட்டிலுக்கு இடம்பெயரும். அக்கட்டிலில் முதலில் கிடத்தப்படுவது வாயில்லா ஏழையின் பிள்ளையே என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர்.

திருச்சபையின் படிப்பினையும் இதற்கு மாறானதன்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்கவோ பேணவோ உதவுமாயின், நியாயமான எல்லைக்குள் விலங்குகள்மேல் நடத்தப்படும் மருத்துவ ஆய்வு அறநெறிக்கு ஏற்புடையதே எனக் கற்பிக்கிறது. ஆகவே அப்பெரியவர் தம் ஊசிக்காக நாணித் தலைகுனிய வேண்டியதில்லை.

பெரியவருக்கு ஒரு சொல்

ஆனால் பெரியவரே, மகிழ்ந்துவிடாதீர். 'நியாயமான எல்லை' என்ற சொற்களைத் திருச்சபை அலங்காரத்துக்காக எழுதவில்லை. விலங்கைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று அதே நூல் அடுத்துச் சொல்கிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றிடம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்று சொல்லி, அசிசி நகர் பிரான்சிசையும் பிலிப் நேரியையும் நினைவூட்டுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் இப்படிப்பினையை மீண்டும் எடுத்தோதியது.

விலங்குக்கு ஆத்துமா இல்லையென்றீர். குருமடத்தில் நாம் கற்ற தூய தோமா அக்குவினாஸ் அவ்வாறு சொல்லவில்லை. பகுத்தறியும் அழியா ஆன்மா மனிதனுக்கே உரியது என்றார். விலங்குக்குப் புலனுணரும் ஆன்மா உண்டு என்றும் சொன்னார். புலனுணர்வு உண்டெனில் வலி உண்டு. வலி உண்டெனில் அதற்கொரு கணக்கும் உண்டு.

அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 1994இல், டெரி முதலில் நோயைக் கண்ட அதே பாஸ்டன் நகரில், லோயிஸ் ஸ்மித் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் குழுவினரும் சுண்டெலிக் குஞ்சுகளில் இந்நோயை ஒத்த ஒன்றை உருவாக்கும் முறையை வகுத்தனர். பிறந்து ஏழாம் நாளில் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்து 75 விழுக்காடு பிராணவாயுவுக்குள் வைப்பர். 12ஆம் நாளில் வெளியே எடுப்பர். 17ஆம் நாளில் முறைகெட்ட குழாய்கள் உச்சத்தை எட்டும். அன்று குஞ்சைக் கொன்று விழித்திரையை விரித்துப் பார்ப்பர். அச்செறிந்த வாயு தாய் எலியின் நுரையீரலைக் கெடுக்குமாதலால், குஞ்சுகளுக்குப் பாலூட்ட வேறொரு தாயை மாற்றி வைப்பது பல ஆய்வுக்கூடங்களின் வழக்கம். உலகின் பற்பல ஆய்வுக்கூடங்களில் இம்முறை நாள்தோறும் கையாளப்படுகிறது. குரங்குகளிலோ, மாக்குலாவை லேசரால் சுட்டுப் புண்படுத்தி, அப்புண்ணிலிருந்து குழாய்கள் முளைக்கச் செய்வர். சுண்டெலிக்கு மாக்குலா இல்லை, குரங்குக்கு நம்மைப் போலவே உண்டு, ஆதலால்தான் குரங்கு.

இவ்வழியே கிடைத்தது பெரிது என்பதையும் மறுக்க முடியாது. பட்டினி கிடக்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை அழைக்கிறது என்று ஐசக் மைக்கேல்சன் 1948இலேயே கருதினார். அத்தகைய அழைப்பை விடுக்கும் புரதம் ஒன்றை நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் 1989இல் பிரித்தறிந்தனர். வி.இ.ஜி.எஃப். என்பது அதன் சுருக்கப்பெயர். அதைத் தடுத்தால் தீய குழாய்கள் குறைகின்றன என்பது 1995இல் சுண்டெலியின் விழித்திரையிலும், 1996இல் குரங்கின் கண்ணிலும் காட்டப்பட்டது. அதன் பயனாய் 2006இல் லுசென்டிஸ் என்னும் ஊசி மருந்து அமெரிக்காவில் இசைவு பெற்றது. பெரியவர் இன்று திருவிவிலியம் வாசிப்பது இப்படியொரு நெடுவழியின் முடிவில்தான். அவ்வழியில் நடந்துவந்த உயிர்களை ஆத்துமா இல்லாதவை என்று ஒரே சொல்லில் துடைத்தெறிவது நன்றியறிதல் ஆகாது.

பூனைக்குட்டி சொல்லாதது

அறிஞர் பெருமக்களிடத்தும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. விலங்கின் கண் மனிதனின் கண்ணன்று. அது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும்; கேளாததைச் சொல்லாது.

பூனைக்குட்டி சொன்ன பாடத்தை 1954க்குப் பின் மருத்துவர்கள் எவ்வாறு கொண்டனர்? பிராணவாயு தீது என்று கொண்டனர். 40 விழுக்காட்டுக்கு மேல் கொடாதே என்பது எங்கும் விதியாயிற்று. ஆனால் ஆய்வுக்கூடத்துப் பூனைக்குட்டி உரிய காலத்தில் பிறந்தது. அதன் நுரையீரல் நலமாயிருந்தது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலோ முற்றாதது. அதற்குப் பிராணவாயு உயிரேயாகும். பார்வை காக்கப் பிராணவாயுவைக் குறைத்தபோது, பல குழந்தைகள் மூச்சின்றி மாண்டன. 1973இல் கென்னத் கிராஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், ஒரு குழந்தையின் பார்வை காக்கப்பட்டதற்கு ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிர் விலையாயிற்று என்று மதிப்பிட்டார். பூனைக்குட்டி பொய் சொல்லவில்லை. கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். கண்ணைப் பற்றிச் சொன்னது. உயிரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அக்கணக்கு இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. 2010இல் அமெரிக்காவில் முடிந்த பேராய்வொன்றில், இரத்தத்தில் பிராணவாயு அளவைத் தாழ்த்தி வைத்த குழந்தைகளில் உயிர்பிழைத்தோரிடையே கடுமையான கண்நோய் 8.6 விழுக்காடாகவும், உயர்த்தி வைத்தோரிடையே 17.9 விழுக்காடாகவும் இருந்தது. ஆனால் மரணமோ தாழ்த்தியோரில் 19.9 விழுக்காடாகவும், உயர்த்தியோரில் 16.2 விழுக்காடாகவும் இருந்தது. கண்ணா உயிரா என்னும் இந்தத் துலாக்கோலை எந்தச் சுண்டெலியும் நமக்காகப் பிடித்துத் தராது.

மற்றொரு சான்று. இன்டர்ஃபெரான் என்னும் மருந்து 1993இல் குரங்கின் கருவிழிப் படலத்தில் முளைத்த தீய குழாய்களைச் சுருங்கச் செய்தது. முதியோரின் மாக்குலா நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது பயனில்லை என்பது 1997இல் தெளிவாயிற்று. குரங்கில் முளைத்தது சில வாரப் புண்ணின் விளைவு. முதியவரில் முளைப்பது பல்லாண்டு மூப்பின் விளைவு. சுண்டெலியின் குழாய்களோ சில நாள்களில் தாமாகவே ஒடுங்கிவிடும். மனிதக் குழந்தைக்கு நேரும் விழித்திரைப் பெயர்ச்சி அதற்கு நேர்வதில்லை.

எனவே, 'விலங்கில் வென்றோம்' என்று முழங்குவோரை நாம் ஐயத்துடன்தான் நோக்க வேண்டும். முன்னரே விடை தெரிந்த கேள்வியைப் பட்டத்துக்காகவும் பதவிக்காகவும் மீண்டும் மீண்டும் கேட்டு விலங்கைக் கொல்வதும், தோற்ற ஆய்வை வெளியிடாது மறைத்து, அதே தோல்விக்காக வேறொருவர் மேலும் விலங்குகளைக் கொல்ல விடுவதும் பாவமே என்று நாம் துணிந்து சொல்வோம். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் மூன்று விதிகளை வகுத்தனர்: விலங்கின்றி முடியுமாயின் விலங்கை விடுக, முடியாதெனில் எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. நம் நாட்டின் ஆய்வு நெறிமுறை, ஆய்வு முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு என்னும் நான்காம் விதியையும் சேர்த்துக்கொண்டது. அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. முயலின் கண்ணில் முகப்பூச்சை ஊற்றிப் பார்ப்பதற்கும் குழந்தையின் பார்வைக்கு வழிதேடுவதற்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமும் உணர்ந்தது. மாற்று முறைகளால் மருந்தை ஆராய 2023இல் விதிகள் இடந்தந்தன. இவையெல்லாம் நல்ல திசையில் வைத்த அடிகள்.

தோபியாவின் பை

இனி மூன்றாமவரிடம் வருவோம்.

தோபித்து நூலை வாசக அன்பர்கள் அறிவர். பார்வையிழந்த தந்தையை வீட்டில் விட்டுத் தோபியா வழிநடந்தான்; வானதூதர் உடன் நடந்தார்; அவன் வளர்த்த நாயும் பின்சென்றது. திக்ரீசு ஆற்றில் ஒரு பெரிய மீனைப் பிடித்தபோது, அதன் பித்தப்பையை எடுத்து வைத்துக்கொள், அது கண்ணுக்கு மருந்து என்றார் தூதர். மீன் மாண்டது. தோபியா வீடு திரும்பி, அப்பித்தத்தைத் தந்தையின் கண்ணில் தடவினான். வெண்படலம் உரிந்து தோபித்து மகனைக் கண்டார்.

மீனைக் கொன்றதற்காக எவரும் தோபியாவைக் குறைகூறார். ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். அவன் அந்தப் பித்தத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, தந்தையின் வாசலைக் கடந்து போயிருந்தால்? அல்லது ஆயிரம் பொற்காசு தந்தால்தான் தடவுவேன் என்றிருந்தால்? அப்போது மீனின் சாவும் வீண். தந்தையின் குருட்டுத்தன்மையும் அவன் குற்றம். முன்னர் நியாயமாயிருந்த கொலை, பின்னர் கொடுமையாய் மாறியிருக்கும். விலங்கைத் தேவையின்றிக் கொல்லலாகாது என்று திருச்சபை கற்பிக்கிறதன்றோ? அந்தத் தேவையை மெய்யாக்குவது, கிடைத்த மருந்தை நோயுற்றவனிடம் சேர்ப்பதே. சேர்க்காதவன், மாண்ட விலங்கை இரண்டாம் முறையும் கொல்கிறான்.

இப்போது நம் பைகளைச் சோதிப்போம்.

பூனைக்குட்டிகள் பேசி 42 ஆண்டுகள் கழித்து, 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது பிழைத்து வீடு சென்றது. அதன் விழித்திரையை உரிய காலத்தில் எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமென்று பெற்றோரிடம் எவரும் சொல்லவுமில்லை. குழந்தை பார்வையிழந்தது. தந்தை நெடுங்காலம் வழக்காடினார். 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பணம் வந்தது, பார்வை வரவில்லை. அக்குழந்தைக்கு வேண்டியிருந்தது புது ஆய்வு எதுவுமன்று. பையில் ஏற்கெனவே கிடந்த பித்தம்தான் வேண்டியிருந்தது. அதை எடுத்துத் தடவக் கையில்லை.

2020இல் மட்டும் இந்தியாவில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர் என்பது உலக நிறுவனங்களின் மதிப்பீடு. வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. 2000 கிராமுக்குக் குறைவான எடையிலோ, 34 வாரத்துக்கு முன்னரோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை செய்தல் வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே வேண்டும் என்பது நம் நாட்டின் வழிகாட்டு நெறி. கேடு தெரிந்தால் லேசர் சிகிச்சை உண்டு. தக்கோர்க்கு ஊசி மருந்தும் உண்டு. ஆனால் காத்திருக்க நேரமில்லை. நாள்கள் கடந்தால் திரை பெயர்ந்துவிடும். கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் கருவியோடு சிற்றூர் மருத்துவமனைகளுக்குச் சென்று குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து அனுப்ப, தொலைவிலிருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்லும் திட்டம் நடைபெற்று வருகிறது. வழி இல்லையென்று எவரும் சொல்லிவிட முடியாது.

மருந்து வணிகரின் பையையும் திறப்போம். லுசென்டிஸுக்கு நெருங்கிய உறவான அவாஸ்டின் என்னும் மருந்து 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக இசைவு பெற்றது. அதையே சிறு அளவாய்ப் பிரித்துக் கண்ணில் செலுத்தினாலும் முதியோரின் மாக்குலா நோயில் பார்வை ஏறத்தாழ ஒன்றுபோலவே காக்கப்படுகிறது என்பதை, அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஒப்பாய்வு 2011இல் காட்டியது. அந்நாளில் அந்நாட்டில் ஒரு வேளை மருந்தின் விலை ஒன்றுக்கு ஏறத்தாழ 2000 டாலர், மற்றொன்றுக்கு ஏறத்தாழ 50 டாலர். 2013இல் உலக நலவாழ்வு நிறுவனம் மலிவான மருந்தையே கண்ணுக்குரிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சுண்டெலியும் குரங்கும் தம் கண்ணைத் தந்தபோது விலை கேட்கவில்லை. அவற்றின் கண்ணில் பிறந்த அறிவுக்கு மனிதன் மட்டும் செல்வர்க்கொரு வாசல், ஏழைக்கொரு வாசல் என வைப்பானாயின், அவன் எந்த முகத்தோடு தன்னைப் படைப்பின் காப்பாளன் என்பான்?

பிறரைக் குறைகூறிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. நாமும் நடத்துகிறோம் மருத்துவமனைகள். குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றியதைப் பெருமையோடு ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண் சோதனைக்குரிய நாள் எழுதப்பட்டிருக்கிறதா? நமது இல்லங்களில், 'பிள்ளை நல்லாத்தான் பார்க்குது, எதுக்கு மருந்து ஊத்திக் கண்ணை நோகடிக்கணும்' என்று பாட்டிமார் தடுக்கும்போது, தடுக்காதீர் என்று சொல்ல எவராவது உண்டா? நாமே இத்தனை ஆண்டுகளாய் எத்தனையோ குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்திருக்கிறோம். ஒருமுறையேனும் ஒரு தாயிடம் இதைக் கேட்டதுண்டா? இல்லை. அந்த மூன்றாமவரின் வரிசையில் நாமும் நிற்கிறோம்.

ஆகவே நமது பங்கில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். திருமுழுக்குக்குப் பெயர் பதிய வரும் பெற்றோரிடம் குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானப்பெற்றோர் ஆகியவற்றோடு மேலும் இரு கேள்விகள் கேட்கிறோம்: எத்தனை வாரத்தில் பிறந்தது? எடை என்ன? குறைமாதமோ குறை எடையோ எனில் மூன்றாம் கேள்வி: "கண்ணைக் காட்டியாயிற்றா?" இல்லையென்றால், திருமுழுக்கு நாள் காத்திருக்கலாம், முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று அனுப்புகிறோம். பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாதோர்க்கு வின்சென்ட் தே பவுல் சபையார் உதவுகின்றனர். அன்பியங்கள்தோறும் இதைச் செய்யலாம். பெரும் பொருட்செலவு ஏதுமில்லை.

அந்த மாணவிக்கு இப்பணியை ஒப்படைத்திருக்கிறோம். பெரியவர் ஊசிக்குச் செல்லும் நாள்களில், அழைத்துச் செல்ல ஆளில்லாத தாயும் சேயும் அவரோடு அதே மருத்துவமனைக்குப் போகின்றனர். அவர்தம் நன்றி மன்றாட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. அது என்ன வரியென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பூனைக்குட்டிக்குப் பட்ட கடனைப் பூனைக்குட்டியிடம் அடைக்க முடியாது. பிள்ளையின் கண்ணில்தான் அடைக்க முடியும்.